8÷2(2+2): பதினாறா, ஒன்றா?

கேள்வி: "வாட்ஸ்அப் குரூப்பில் 8÷2(2+2) என்று ஒரு கணக்கு வந்தது. தெப்பக்குளம் பக்கம் மகன் போகும் ட்யூஷனில் சார் 16 என்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் மகளின் கால்குலேட்டர் 1 காட்டுகிறது. என் போனில் தட்டினால் 16. பாட்மாஸ் விதி ஒன்றுதானே? விடை எப்படி இரண்டாகும்?"

பாட்மாஸ் (BODMAS) என்பது எதை முதலில் செய்வது என்ற வரிசை: பிராக்கெட், ஓ, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். இந்தப் பள்ளிக்கூட விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் 16. சார் சொன்னது சரி. அதற்காக மகளின் கால்குலேட்டரைப் பழுது என்று தூக்கிப் போடவும் வேண்டாம். அது வேறொரு வழக்கப்படி படிக்கிறது, அந்த வழக்கத்துக்கும் வயது அதிகம். தப்பு இருப்பது கணக்கை எழுதிய ஆளிடம்.

முதலில் எந்த இடத்தில் வழி பிரிகிறது என்று பார்ப்போம். பிராக்கெட்டுக்குள் 2+2=4. இதுவரை யாருக்கும் சண்டையில்லை. இப்போது கையில் இருப்பது 8÷2(4). இந்த 2(4)-ஐ வெறும் 2×4 என்று எடுத்தால் 8÷2×4 ஆகிறது. வகுத்தலுக்கும் பெருக்கலுக்கும் ஒரே மரியாதை, இடமிருந்து வலமாகப் போக வேண்டும்: 8÷2=4, 4×4=16. அதே 2(4)-ஐ "ஒட்டி நிற்கிறது, ஆகவே ஒரே உருப்படி" என்று எடுத்தால் 8÷8=1.

ஒன்று என்று சொல்பவர்களில் பாதிப் பேர் காட்டும் காரணம் மட்டும் செல்லாது. "பிராக்கெட்தானே முதலில், அதனால் 2(4)-ஐத்தான் முதலில் முடிக்க வேண்டும்" என்பார்கள். பிராக்கெட் விதி உள்ளே இருப்பதோடு முடிந்துவிடும். 2+2 நாலாகிவிட்டது, பிராக்கெட்டின் வேலை தீர்ந்தது. வெளியே நிற்கும் 2 அந்த விதிக்குள் வராது. ஒன்றுக்கு உண்மையான காரணம் வேறு, அது அந்த ஒட்டு.

தமிழில் இதை நாம் தினமும் செய்கிறோம். "பழைய பேப்பர் கடை" என்றால் பழசு பேப்பர். "பழைய டீக்கடை" என்றால் பழசு கடை. பழைய டீயை யார் விற்பார்கள்? மூன்று சொல், ஒரே வரிசை, ஆனால் பிராக்கெட் விழும் இடம் வேறு வேறு: (பழைய பேப்பர்) கடை, பழைய (டீக்கடை). அதிலும் டீக்கடையில் ஒரு 'க்' வந்து இரண்டு சொல்லையும் தைத்துவிட்டது. 2(2+2) என்று பெருக்கல் குறி இல்லாமல் எழுதும்போது அப்படி ஒரு தையல் விழுந்ததாக எடுக்க வேண்டுமா, வேண்டாமா? கேள்வி அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் பாட்மாஸ் இந்த ஒட்டைப் பற்றித் தனியாக எதுவும் சொல்வதில்லை. சொல்லாததால்தான் சண்டை.

ஒட்டு விழுகிறது என்பவர்களின் கட்சியை லேசாக நினைக்க வேண்டாம். இயற்கணிதத்தில் 12அஆ ÷ 3அ என்று கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் 4ஆ என்றுதான் எழுதும். இடமிருந்து வலம் விதியை அங்கே கறாராகப் பிடித்தால் 12அஆ-வை 3-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி அ-வால் பெருக்கி, 4அ²ஆ என்று எழுத வேண்டும். எந்த வாத்தியாரும் அதற்கு மார்க் போட மாட்டார். ஆக, எழுத்துகள் வரும்போது 3அ ஒரே உருப்படி, எண்கள் வரும்போது 2(4) இரண்டு உருப்படி என்று நாமே இரண்டு விதமாக நடக்கிறோம். இந்த முரணை 1917-லேயே லென்னஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எடுத்துக்காட்டி எழுதினார்: புத்தகத்தில் இருக்கும் விதி ஒன்று, புத்தகம் எழுதியவரே கணக்குப் போடும் விதம் இன்னொன்று என்று. கணிதக் குறிகளின் வரலாற்றை எழுதிய கஜோரி 1928-ல், பெருக்கலும் வகுத்தலும் கலந்து வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் ஒத்த கருத்து இல்லை என்றே பதிவு செய்தார். இயற்பியல் உலகில் பெரிய பெயரான பிசிக்கல் ரிவியூ இதழ்களின் எழுத்து நடை விதியில், சாய்கோடு போட்டு எழுதும் பின்னத்தில் பெருக்கல்தான் முன்னால். அங்கே 1/2அ என்றால் ஒன்றை 2அ-வால் வகுத்தது. அரை அ இல்லை.

÷ குறியின் கதையும் கொஞ்சம் கோணல். அதை வகுத்தலுக்கு முதலில் அச்சேற்றியவர் ரான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், 1659-ல். டென்மார்க், நார்வே பக்கம் அதே குறியை நெடுங்காலம் கழித்தலுக்குப் போட்டு வந்தார்கள். இன்றைய சர்வதேசத் தர நிர்ணயம், ஐஎஸ்ஓ 80000-2, வகுத்தலுக்கு ÷ போடாதீர்கள் என்றே சொல்கிறது. சாய்கோடு போட்டால், அதே வரியில் அதற்குப் பின்னால் பெருக்கலோ வகுத்தலோ பிராக்கெட் இல்லாமல் வரக்கூடாது என்பதும் அதே தர வரிசையில் உள்ள விதி. அந்த விதிப்படி பார்த்தால் குரூப்பில் வந்தது கணக்கே ஆகாது, அரைகுறையாக எழுதின வரி. 2011-ல் 48÷2(9+3), 6÷2(1+2) என்று சுற்றினார்கள். 2019-ல் இந்த 8÷2(2+2). எண்ணை மாற்றி மாற்றி அனுப்புகிறார்களே தவிர, எல்லாவற்றிலும் பொறி ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

கால்குலேட்டருக்கு வருவோம். கம்பெனிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-82 ஒட்டுப் பெருக்கலுக்கு முதல் மரியாதை தந்தது. அடுத்து வந்த டிஐ-83 அதை எடுத்துவிட்டது. காலேஜ் பிள்ளைகள் கையில் இருக்கும் காசியோ கிளாஸ்விஸ் வகை இதில் நாணயமாக நடந்துகொள்கிறது. 8÷2(2+2) என்று தட்டி = அமுக்கினால், திரையில் தானே ஒரு பிராக்கெட்டைச் சேர்த்து 8÷(2(2+2)) என்று மாற்றிக் காட்டிவிட்டுத்தான் 1 போடும். "நான் இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று சொல்லிவிடுகிறது. மகளிடம் அந்த மேல் வரியைப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கால்வாசிப் பேர் விடையை மட்டும் பார்ப்பார்கள். அதே மெஷினில் பெருக்கல் குறியைச் சேர்த்து 8÷2×(2+2) என்று போட்டால் 16 வரும். கூகுளும் அதே நாணயம்தான், எதிர்ப்பக்கம்: (8/2)*(2+2) என்று திருத்தி எழுதிக்கொண்டு 16 காட்டும். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் 8/2(2+2) என்று அடித்தால் விடையே வராது, பிழை என்று நின்றுவிடும். என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் நல்ல பதில்.

பாட்மாஸ் என்ற சொல்லே பிள்ளைகளுக்கு ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. எழுத்து வரிசையைப் பார்த்து, வகுத்தல் முடிந்த பிறகுதான் பெருக்கல், கூட்டல் முடிந்த பிறகுதான் கழித்தல் என்று படித்துக்கொள்கிறார்கள். உண்மையில் வகுத்தலும் பெருக்கலும் ஒரு படி, கூட்டலும் கழித்தலும் அதற்குக் கீழ்ப்படி. ஒரே படிக்குள் இடமிருந்து வலம். இதில் வேடிக்கை என்னவென்றால், வகுத்தலை எப்போதும் முதலில் செய்தாலும் விடை கெடாது. 6×8÷4-ஐ 48÷4 என்றாலும் 12, 6×2 என்றாலும் 12. ஆனால் கூட்டலை முதலில் செய்தால் கெட்டது. 10−4+3 என்பது 9. கூட்டலை முதலில் முடித்தால் 10−7=3. நோட்டில் சிவப்பு மை அதிகம் விழும் இடம் இதுதான். அமெரிக்கப் பிள்ளைகள் பெம்டாஸ் என்று படிக்கிறார்கள், அதில் பெருக்கல் முன்னால் வருவதால் அவர்களுக்கு இரண்டு குழி: 24÷6×2-க்கு 8 வராமல் 2 எழுதிவிடுவார்கள். பாட்மாஸின் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் முன்பின்னாக மாற்றி வைத்திருந்தால் யாருமே விழுந்திருக்க மாட்டார்கள்.

பாட்மாஸில் இரண்டாவதாக வரும் 'ஓ' என்ன என்று கேட்டால் அடுக்கு என்பார்கள் சிலர், 'ஆஃப்' என்பார்கள் சிலர். டிஎன்பிஎஸ்சி, பேங்க் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு இந்த ஆஃப் முக்கியம். 24 ÷ (1/2) ஆஃப் 8 என்று வந்தால் முதலில் எட்டில் பாதி 4, பிறகு 24÷4=6. ஆஃப் என்பதும் பெருக்கல்தானே என்று குறியை மாற்றி 24÷(1/2)×8 என்று இடமிருந்து போனால் 384. அந்த 384-உம் விடைத் தேர்வுகளில் ஒன்றாகக் காத்திருக்கும். ஆஃப்-க்கு ஏன் இந்தச் சலுகை என்பது பழைய தமிழ் வாய்ப்பாடு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. சொல்லே ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாகிவிட்டது. நாலுக்குள் எத்தனை அரைக்கால் என்று கேட்டால் 32 என்போம். நாலை அரையால் வகுத்து, வந்த 8-ஐக் காலால் பெருக்கி 2 என்று சொல்லும் ஆளை யாரும் பார்த்திருக்க முடியாது.

போட்டித் தேர்வுப் புத்தகங்களில் பாட்மாஸுக்கு முன்னால் ஒரு 'வி' சேர்த்து விபாட்மாஸ் என்பார்கள். அந்த வி, எண்களின் தலைக்கு மேல் இழுக்கும் கோடு. 20−(8−5−3) என்றால் 20. உள்ளே இருக்கும் 5−3-க்கு மேல் ஒரு கோடு இழுத்திருந்தால் அது முதலில் 2 ஆகி, 20−(8−2)=14. அச்சில் அந்தக் கோடு மங்கிப்போனால் விடை மாறிவிடும், ஆகவே கேள்வித்தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பரீட்சையில் 8÷2(2+2) மாதிரியே ஒன்று வந்தால் என்ன செய்வது? குறி எழுதியிருந்தால், அதாவது 8÷2×(2+2) என்றால், கண்ணை மூடிக்கொண்டு 16. குறி இல்லாவிட்டால் அதே பரீட்சையின் பழைய விடைத்தாள்களில் இந்த வகைக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. தர்க்கம் பேசி மார்க் வாங்க முடியாது.

மேற்கோட்டைப் போலவேதான் பின்னத்தின் நடுக்கோடும். அந்தக் கோடு சொல்லாமல் இரண்டு பிராக்கெட் போடுகிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று. மாடி வீடாக எழுதிய பின்னத்தை ஒரே வரியில் தட்டும்போது அந்த இரண்டு பிராக்கெட்டும் காணாமல் போகும். ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகள் மாட்டுவது இதில்தான். சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரின் மறுப்பு, அதாவது ஏசி மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, எத்தனை ஓம்? வாய்ப்பாட்டில் மேலே 1, கீழே 2, பை, அதிர்வெண் 50, கண்டென்சர் மதிப்பு நாலும் பெருக்கலில். சரியாகத் தட்டினால், 1÷(2×பை×50×2.5×10⁻⁶), கிட்டத்தட்ட 1273 ஓம். பிராக்கெட்டை விட்டுவிட்டு 1÷2×பை×50×… என்று போனால் 0.000196. இங்கே விடை அபத்தமாக இருப்பதால் தப்பித்தோம். 0.0002 ஓம் என்பது கெட்டியான செம்புக் கம்பி, கண்டென்சர் இல்லை.

தப்பு அபத்தமாகத் தெரியாத இடம்தான் ஆபத்து, அது கடைகளில் இருக்கிறது. கடை மேஜையில் கிடக்கும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டருக்குப் பாட்மாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. தட்டத் தட்ட அந்த வரிசையிலேயே கணக்கை முடித்துக்கொண்டே போகும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி மூன்று கிலோ, கிலோ 900. பிச்சி இரண்டு கிலோ, கிலோ 600 என்று வைத்துக்கொள்வோம். 3×900+2×600 என்று போனில் தட்டினால் 3,900. மேஜைக் கால்குலேட்டரில் அதே வரிசையில் தட்டினால் 2700, அதோடு 2 சேர்ந்து 2702, அதை 600-ஆல் பெருக்கி 16,21,200. பூக்கடைக்காரர்கள் இதனால்தான் விடையை மெமரியில் சேர்க்கும் எம் பிளஸ் (M+) பட்டனை விடுவதில்லை: 3×900 எம் பிளஸ், 2×600 எம் பிளஸ், கடைசியில் மொத்தத்தைக் காட்டும் எம்ஆர் (MR). ஆரம்பிக்கும் முன் மெமரியை அழிக்க வேண்டும். திரை ஓரத்தில் சின்னதாக ஒரு எம் தெரிந்தால் முந்தின ஆளின் பாக்கி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஜிடி பட்டன் இருக்கும் மாடலில் ஒவ்வொரு = தட்டலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். வசதிதான், ஆனால் நடுவில் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவும் பில்லில் ஏறிவிடும். கம்ப்யூட்டரில் விண்டோஸ் கால்குலேட்டரும் சாதாரண வகையில் 2+3×4-க்கு 20 என்றுதான் சொல்லும், சயின்டிஃபிக் வகைக்கு மாற்றினால் 14.

சதவீதப் பட்டன் இதைவிடப் பொல்லாதது. தெற்காவணி மூல வீதியில் நகை வாங்குகிறீர்கள். எட்டு கிராம் செயின், பத்து சதவீதம் சேதாரம், கணக்குச் சுலபமாக இருக்க கிராம் 10,000 ரூபாய். செய்கூலியை விட்டுவிடுவோம். (8+0.8)×10,000 = 88,000. இதற்கு மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,640. மொத்தம் 90,640. இப்போது 88000 + 3 % என்று தட்டுங்கள். பல கால்குலேட்டர்கள் 90,640 என்று ஒழுங்காகக் காட்டும். காசியோவின் சில மேஜை மாடல்களில் 90,721.65 வரும். அந்த மாடல்களில் + பட்டனோடு வரும் % லாபக் கணக்குக்காக வைத்தது: விற்கும் விலையில் மூன்று சதவீதம் லாபம் நிற்க வேண்டுமானால் என்ன விலை வைப்பது என்று பார்த்து 88,000-ஐ 0.97-ஆல் வகுக்கிறது. சயின்டிஃபிக் கால்குலேட்டரிலும் எக்செல்லிலும் போட்டால் 88,000.03, ஏனென்றால் அவற்றுக்கு 3% என்றால் வெறும் 0.03. மூன்றாவது விடையை யாரும் நம்ப மாட்டார்கள். நடுவில் இருக்கும் 81 ரூபாய் 65 பைசா வித்தியாசம்தான் கண்ணுக்குத் தப்பிவிடும். உங்கள் மெஷின் எந்த வகை என்று அறிய 100 + 5 % போட்டுப் பாருங்கள்: 105 வந்தால் சரி, 105.26 வந்தால் லாப வகை. வகையே பார்க்காமல் 88000×1.03 என்று போட்டுவிட்டால் எல்லா மெஷினும் 90,640 என்று ஒரே குரலில் சொல்லும்.

எக்செல்லில் பில் போடுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. சேதாரத்தைச் சேர்க்க =8+8*10%*10000 என்று பிராக்கெட் இல்லாமல் எழுதினால் 8,008 வரும். கூட்டல் கடைசியில் நடப்பதால் எட்டு கிராமும் எட்டாயிரம் ரூபாயும் கலந்துவிடும். =(8+8*10%)*10000 என்று எழுத வேண்டும். பெருக்கல் குறியை விட்டுவிட்டு =8/2(2+2) என்று எழுதினால் எக்செல் அப்படியே ஏற்காது, நடுவில் * சேர்த்துத் திருத்தட்டுமா என்று கேட்கும்.

இரண்டாவது, கழித்தல் குறி. கணிதத்தில் −2² என்றால் −4, பைத்தானும் அப்படித்தான். எக்செல்லில் =-2^2 போட்டால் 4. முன்னால் நிற்கும் கழித்தல் குறியை அது எண்ணோடு ஒட்டிக்கொண்டு பிறகு வர்க்கம் எடுக்கிறது. அதே எக்செல்லில் =5-2^2 என்றால் 1, ஆனால் =-2^2+5 என்றால் 9. இடத்தை மாற்றி எழுதினதுக்கே எட்டு வித்தியாசம். அடுக்கின் மேல் அடுக்கு வந்தாலும் இதே கதை: =2^3^2 எக்செல்லில் 64, கணிதத்திலும் பைத்தானிலும் 512. ஷீட்டில் கழித்தல் எண்ணுக்கு வர்க்கம் எடுக்கும் இடமெல்லாம் =(-2)^2 அல்லது =-(2^2), எது வேண்டுமோ அதை முழுதாக எழுதிவிடுங்கள்.